மூலை மடிந்த அட்டை

1

பின்லாந்துக்கு வந்து பதினெட்டு வருடம் முடிந்த சனிக்கிழமை அன்று, காலை பதினொன்றேகாலுக்கு, என்னை ஒரு நடைப்போட்டியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அதற்குக் காரணமான மூன்றாவது சிவப்பு அட்டையை எழுதிய நடுவர் என் மகள் ஷாரோன். வயது பதினேழு. என் மூக்கு, என் காது, என் சம்பளத்தில் வாங்கிய மூக்குக்கண்ணாடி.

விஷயம் எப்படியோ திருச்சிப் பொன்மலை வரை போய்விட்டது. ஆளாளுக்கு வாட்ஸாப்பில் விசாரிக்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளாது, அதனால் எழுதிவிடுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் சிநேகிதன் பார்த்தசாரதியிடம் இருபத்தேழு வருடமாகச் சொல்லாமல் மறைத்த ஒன்றை அந்த அட்டை தோண்டி எடுத்து மேசைமேல் வைத்துவிட்டது. சொன்னால் அவனை இழப்பேன், சொல்லாவிட்டால் மகளின் முகத்தைப் பார்க்க முடியாது என்ற இடத்தில் போன வாரம் முழுக்க நின்றேன்.

நடைப்போட்டி தெரியாதவர்களுக்கு: இதில் ஓடக் கூடாது. எந்த நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். முட்டி மடங்கக் கூடாது. இத்தனை நிபந்தனைக்கும் உட்பட்டு வேகமாகப் போனால் இடுப்பு தானாக ஆடும். தூரத்தில் இருந்து பார்த்தால், வயிறு சரியில்லாத மனிதன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு வீடு போய்ச் சேரப் பார்க்கிற மாதிரி இருக்கும். வழியெங்கும் நடுவர்கள் நிற்பார்கள். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டதைக் கண்ணால் பார்த்தால் சிவப்பு அட்டை எழுதுவார்கள். மூன்று நடுவர் எழுதினால் ஆட்டம் முடிந்தது. வீடியோ, கருவி எதுவும் கிடையாது. வெறும் கண். கண்ணில் படாதது குற்றமில்லை.

என் பிழைப்போ இதற்கு நேர் எதிர். கொதிகலன் குழாய்களில் வெல்டிங் ஆய்வாளர் நான். கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒலி அனுப்பிக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். ஊரார் குழாயில் விரிசல் தேடி ஒரு கண்டத்தைத் தாண்டி வந்தவன், சொந்தக் காலைப் பரிசோதித்ததில்லை.

2

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. வாக்குத்தத்தப் பெட்டி. விரல் அகல அட்டைகளில் ஒவ்வொரு வேதவசனமாக அச்சடித்து வரிசையாக நிறுத்தியிருக்கும். காலையில் ஜெபித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவ வேண்டும். அன்றைக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது அதுதான். ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த அப்பா வாங்கிய பெட்டி இது. பொன்மலை குவார்ட்டர்ஸிலிருந்து என் துணிப்பைக்குள் சுருட்டிய வேட்டிகளுக்கு நடுவே பின்லாந்து வந்து சேர்ந்தது.

விளையாட்டுக்காரர்களைப் போலச் சகுனம் பார்ப்பவர்கள் உலகத்தில் கிடையாது. நான் கிறிஸ்தவன், சகுனம் பார்க்கக் கூடாது. ஆகவே வசனம் பார்க்கிறேன். புது ஷூ வாங்கலாமா, முட்டி வலியோடு இன்றைக்குப் பயிற்சிக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் பெட்டிதான். காலைப் பற்றிய வசனங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பாதம் கல்லில் இடறாது என்கிற சங்கீதம், காலடி பட்ட இடமெல்லாம் உனக்கே என்று யோசுவாவுக்குக் கிடைத்த வாக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஏசாயா. காத்திருப்பவர்கள் ஓடினாலும் இளைக்க மாட்டார்கள், நடந்தாலும் சோர மாட்டார்கள் என்கிறார். ஓட்டக்காரர்கள் அதில் முன்பாதியைப் பனியனில் அச்சடித்துக்கொண்டு திரிகிறார்கள். பின்பாதி எங்களுடையது. தீர்க்கதரிசி ஓட்டத்தை முதலில் சொல்லிவிட்டு, நடையைக் கடைசியாகச் சொல்கிறார். பெரிய விஷயத்தைக் கடைசியில்தானே சொல்வார்கள்.

இங்கே வந்த முதல் மாசி மாதம் எனக்கு வந்த அட்டை, தண்ணீரைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன் என்றது. அன்றுதான் பக்கத்து வீட்டுக்காரர் என்னை உறைந்த ஏரியின்மேல் நடக்கக் கூட்டிப் போனார். காவிரியில் ஆடி மாதம் வெள்ளம் இரு கரையும் புரண்டு போவதைப் பாலத்திலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். தண்ணீரின் நடுவே நிற்கிறேன், கால் நனையவில்லை. அடியில் எங்கேயோ பனி விரிசல் விட்டு, பெரிய மிருகம் தூக்கத்தில் முனகுவது போல ஒரு சத்தம் கரையிலிருந்து கரைக்குப் போனது. பேதுரு தண்ணீர்மேல் நாலு எட்டு வைத்து மூழ்கிய காரியத்தை இந்த ஊரில் நாய்கூடச் செய்கிறது. பனிமேல் ஓடிவந்த ஒரு நாயின் பக்கத்தில் மண்டியிட்டு நான் அழுதேன். நாயின் சொந்தக்காரர், தொலைந்துபோனது என்னவென்று தேட உதவிக்கு வந்தார்.

ஆக, பெட்டி பொய்யில்லை. பொய் என் கையில் இருந்தது. பிடிக்காத அட்டை வந்தால், திரும்பச் செருகிவிட்டு வேறொன்றை எடுப்பேன். என் மனைவி மெர்சி ஒருநாள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"இது எத்தனாவது?"

"ரெண்டாவது."

"நாலாவதுங்க. ஆண்டவரைப் பேசி முடிக்கவே விட மாட்டீங்களா?"

3

பார்த்தாவும் நானும் சேர்ந்து பயிற்சி எடுத்தது இருபத்திரண்டு வயதில். நான் பொன்மலையிலிருந்து சைக்கிளில் சிந்தாமணி வருவேன். அங்கிருந்து இருவரும் காவிரிப் பாலம், மாம்பழச்சாலை வழியாக ராஜகோபுரம் வரை நடை, திரும்ப நடை. விடிகிற நேரம். பாலத்தின் பாதியில் பின்னால் மலைக்கோட்டை, முன்னால் கோபுரம், நடுவில் இரண்டு இடுப்புகள். பால்காரர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒருவர் மிகுந்த அக்கறையோடு, "தம்பி, படித்துறையில மறைவா இடம் இருக்கு, அதுக்கு ஏன் இவ்ளோ தூரம்?" என்றார்.

நடந்துகொண்டே வேதம் பேசுவோம். அவன் உத்தர வீதிக்காரன், பிரபந்தம் சொல்லி வளர்ந்தவன். நான் ஏனோக்கைப் பற்றிச் சொன்னேன். ஆதியாகமத்தில் வருகிறவர். தேவனோடு நடந்தார், பிறகு காணப்படவில்லை, தேவன் அவரை எடுத்துக்கொண்டார்.

"உலகத்துல முதல் நடைப்போட்டிக்காரர் எங்க ஆள்தான்" என்றேன்.

"எடுத்துண்டார்னா, ரெண்டு காலும் தரையை விட்டுடுத்தா?"

"ஆமா."

"சிவப்பு அட்டை. எங்க பெருமாளைப் பாரு. மூணு லோகத்தையும் அளந்தார். ஒரு கால் வானத்துல, இன்னொரு கால் பூமியில. தரையை விடவே இல்லை. சட்டப்படி சுத்தம்."

இருபத்தேழு வருடம் யோசித்தும் எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அந்த வருடம் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி துவாக்குடிப் பக்கம் நெடுஞ்சாலையோரம் நடந்தது. இடம் ஒன்றுதான். முதலில் வருபவனுக்கு அணியில் இடமும், அதை வைத்து ஒரு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும். அன்று காலை பெட்டியில் கை விட்டேன். வந்தது, இயேசு மலையில் சொன்னது: உள்ளதை உள்ளது என்று சொல், இல்லாததை இல்லை என்று சொல், அதற்குமேல் எதுவும் வேண்டாம் என்கிற அர்த்தத்தில் வரும் வசனம். அது வாக்குத்தத்தமே இல்லை, கட்டளை. பெட்டிக்குள் எப்படி வந்தது என்று எரிச்சலாக இருந்தது. திரும்பச் செருகிய வேகத்தில் அட்டையின் மூலை மடிந்துவிட்டது. மூன்றாவது முயற்சியில் ஏசாயா வந்தார். முத்தமிட்டுப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடைசி வளைவில் ஒரு லாரி நின்றிருந்தது. அதற்குப் பின்னால் முப்பது மீட்டருக்கு எந்த நடுவர் கண்ணும் எட்டாது. பார்த்தா எனக்கு நாலைந்து எட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தான். லாரி மறைத்த முப்பது மீட்டரும் நான் ஓடினேன். தூக்கினேன், தவறியது என்றெல்லாம் இல்லை. பஸ் பிடிக்கிறவன் மாதிரி ஓடினேன். பத்து எட்டாவது முந்தியிருப்பேன் என்று நினைத்தேன். கோட்டைத் தாண்டித் திரும்பினால் பார்த்தா மூன்றே எட்டில் நின்றான். கணக்கில் நான் எப்போதும் மோசம் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவதாக ஒருவர் வந்தார்.

வேலை கிடைத்தது. அங்கேதான் வெல்டிங் ஆய்வு கற்றேன். அதை வைத்துத்தான் பின்லாந்து. பார்த்தா ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரானான். மூன்று வருடத்துக்கு முன் அப்பா காலமானபோது நான் விமானத்தில் இருந்தேன். சவப்பெட்டி சொல்லி, பாதிரியாரைக் கூப்பிட்டு, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, நான் வந்து சேரும்வரை நின்றது பார்த்தா. வந்ததும் என் கையைப் பிடித்து, "மெதுவா வா. ஒரு கால் தரையில இருக்கட்டும்" என்றான்.

அந்தக் கையிடம் எப்படிச் சொல்வது?

தேர்வுப் போட்டி நாளிலிருந்து அந்த மூலை மடிந்த அட்டை என் கையில் வந்ததே இல்லை. அற்புதமெல்லாம் இல்லை. கண்ணை மூடினாலும் விரல் மடிப்பைக் கண்டுபிடித்து விலகிவிடும். ஆய்வாளரின் விரல்.

4

ஷாரோனைப் பற்றி அம்மா போனில் கவலைப்படுவார். "பாப்பா கோயிலுக்குப் போறாளா? தமிழ் வாசிக்கிறாளா?" இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். நான் "வளர்றாம்மா" என்பேன். எங்களோடு தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தூங்குவாள். பள்ளியில் ஷாரோன் என்பதை அவர்கள் வாய்க்கு வருகிற மாதிரி சுருக்கிக்கொண்டார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். பெட்டியைத் தொட்டுப் பல வருடம் ஆயிற்று. உள்ளூர் விளையாட்டுச் சங்கத்தில் நடுவர் பயிற்சி எடுத்தபோது, அப்பாவின் விளையாட்டாவது பிள்ளையைப் பிடித்துக்கொண்டதே என்று ஸ்தோத்திரம் செய்தேன். எதற்கு ஸ்தோத்திரம் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

அன்று மூத்தோர் பிரிவு ஐந்து கிலோமீட்டர் போட்டி. ஜெயித்தால் தேசிய அளவுக்குப் போகலாம். நடுவர் பற்றாக்குறை. தலைமை நடுவர் பெக்கா, ஓய்வுபெற்ற தபால்காரர், வாரத்துக்கு ஏழு வார்த்தை பேசுவார். அவரிடம் முறையாகப் போய், "என் மகள் நடுவராக இருக்கிறாள், ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "அவளுக்குக் கண் இருக்கிறதே" என்றார்.

காலையில் நான் மூன்று அட்டை எடுத்து ஏசாயாவைப் பிடித்தேன். ஷாரோன் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் போனுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நீயும் ஒண்ணு எடும்மா. இன்னிக்கு நாம வந்து பதினெட்டு வருஷம்."

"நான் வரலப்பா. நீங்க வந்தீங்க. நான் இங்கதான் பொறந்தேன்."

"சரி, எனக்காக எடு."

ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, பெட்டியைப் பார்க்காமலேயே ஒன்றை உருவினாள். என்னிடம் நீட்டினாள். மூலை மடிந்திருந்தது.

நூற்றுச் சொச்சம் அட்டை இருக்கிற பெட்டி அது. அவளுக்கு எழுத்து தெரியாது. ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார் என்று நான் வாசித்திருந்தால் நம்பியிருப்பாள். வாயைத் திறந்தேன். ஏனென்று இன்றைக்கும் தெரியாது, உள்ளதையே வாசித்தேன்.

"உள்ளதை உள்ளதுன்னு சொல்லு, இல்லாததை இல்லைன்னு சொல்லு. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்றாள். "சரி." அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

5

துறைமுகத்தைச் சுற்றி ஐந்து சுற்று. மூன்றாவது சுற்று முடிவதற்குள் என் எண்ணுக்கு நேரே பலகையில் இரண்டு சிவப்பு. என்னை ஒட்டி ஒரு பல் மருத்துவர், வயது அறுபது, மூச்சு வாங்காமல் வந்துகொண்டிருந்தார். கடைசிச் சுற்றின் வளைவில் ஷாரோன் நின்றாள். மஞ்சள் மட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கால் தூக்குகிறாய், ஜாக்கிரதை என்று அர்த்தம். நான் திருச்சி அப்பாவாக, பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறிய பிள்ளைக்குக் காட்டுவதுபோல் கையை ஆட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பல் மருத்துவரின் மூச்சு என் பிடரியில் பட்டது. நான் வேகத்தைக் கூட்டினேன். அவள் குனிந்து எதையோ எழுதினாள்.

கோட்டுக்கு அறுபது மீட்டர் இருக்கும்போது பெக்கா சாலையில் இறங்கிச் சிவப்பு மட்டையை உயர்த்தினார். பதற்றத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, அவர்கள் மொழியில் வாழ்த்துகள் என்று சொல்லித் தொலைத்தேன். அவர் நன்றி என்றார். அந்த வாரத்து ஏழு வார்த்தையில் ஒன்று என்னால் செலவு.

காரில் நான்தான் முதலில் பேசினேன்.

"ஏம்மா, அப்பான்னு கூடப் பாக்கலியா?"

"பாத்தேன். நல்லாத் தெரிஞ்சுது. ரெண்டு காலும் காத்துல இருந்துச்சு."

"கொஞ்சம் சந்தேகம் வந்தா எழுதக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"சந்தேகமே வரலப்பா." பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். "காலைல நீங்கதானே வாசிச்சீங்க?"

"அது... பொதுவாச் சொன்னது."

"பொதுவான்னா?"

கேலி இல்லை அந்தக் கேள்வியில். உண்மையாகவே கேட்டாள். நாற்பத்தொன்பது வருடம் தினமும் வசனம் எடுத்துக்கொண்டு வாழ்ந்தவன் நான். என் வேதத்தில் பொது என்று ஒரு அறை இருந்தது, வேண்டாததை எல்லாம் அங்கே போட்டு வைத்திருந்தேன். அவள் பல வருடம் கழித்து ஒரே ஒரு அட்டை எடுத்தாள். சொன்னதைச் செய்தாள். பெற்ற அப்பனுக்கு எதிராகச் செய்தாள். ஆபிரகாம் பெற்ற மகனைப் பலியிடக் கத்தியோடு மலையேறிய கதையை எத்தனை முறை கேட்டிருக்கிறேன். மலைமேல் படுத்திருக்கிற பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தோற்ற வருத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், "இதுக்கு முன்னாடி இப்படிப் பண்ணியிருக்கீங்களா?" என்றாள்.

"ஒரு தடவை."

"யார் பிடிச்சாங்க?"

"யாரும் பிடிக்கல."

ஷாரோன் அட்டையை எனக்கும் அவளுக்கும் நடுவே, கியர் பக்கத்தில் இருந்த பள்ளத்தில் வைத்தாள். வீடு வரை அது அங்கேயே கிடந்தது.

6

ஒரு வாரம் பெட்டியைத் தொடவில்லை. எந்த அட்டை எடுக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு எடுப்பதற்கு என்ன இருக்கிறது? அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பார்த்தாவுக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானம்.

"என்னடா சகாயம், பொண்ணு அட்டை கொடுத்தாளாமே. பேஷ். அவளைக் கொஞ்சம் ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பு, இங்கே நிறைய பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கு."

"பார்த்தா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. ஆத்துக்காரி ஊர்ல இல்லை, ரசம் கொதிச்சிண்டிருக்கு. அதுக்குள்ள சொல்லு."

"அந்தத் தேர்வுப் போட்டி. கடைசி வளைவுல லாரி நின்னுச்சே, அதுக்குப் பின்னாடி நான்..."

"ஓடினே."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியுமா உனக்கு?"

"நாலு எட்டு பின்னாடி வந்துண்டிருந்தேன். கண்ணு ரெண்டும் நன்னாத்தான் இருந்தது."

"ஏன்டா சொல்லல? உன் வேலைடா அது. உன் வாழ்க்கை."

"நீ ஓடி முடிச்சதும் லாரி கிளம்பிப் போயிடுத்தா?" என்றான்.

"இல்லையே."

"அங்கேயேதானே நின்னுது?"

எனக்கு மெல்ல விளங்கியது. பத்து எட்டு இருக்க வேண்டியது மூன்று எட்டாகக் குறைந்த கணக்கு.

"உன்னைவிட வேகமா ஓடினேன்டா" என்றான். "உன்னைக் காட்டிக் கொடுத்தா, நீ திரும்பி, அப்போ நீ எப்படிடா இவ்ளோ கிட்ட வந்தேன்னு கேப்பே. இருபத்தேழு வருஷமா நீ கேட்டுடுவியோன்னுதான் நான் பயந்துண்டிருக்கேன். நீ என்னடான்னா பாவமன்னிப்புக் கேக்கறே."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவனும். கண்ணில் தண்ணீர் வரும்வரை, இரண்டு கிழங்களும் இரண்டு கண்டத்தில் இருந்துகொண்டு சிரித்தோம். பக்கத்து அறையிலிருந்து ஷாரோன் எட்டிப் பார்த்தாள். முதலில் சிரிப்பை நிறுத்தியது பார்த்தாதான்.

"சகாயம்."

"ம்."

"அப்போ ஜெயிச்சது யாருடா?"

மூன்றாவதாக ஒருவர் வந்தார் என்று மேலே ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனேன் அல்லவா? நினைவிலும் அவருக்கு நான் கொடுத்திருந்த இடம் அவ்வளவுதான். அவர் பெயர் என்ன என்று இருவரும் யோசித்தோம். துவாக்குடிப் பக்கத்துக்காரர் என்றேன் நான். நீலச் சட்டை என்றான் அவன். வெள்ளை கான்வாஸ் ஷூ, இடது பக்கம் கிழிந்து கறுப்பு நூலால் தைத்திருந்தது என்று எனக்கு ஞாபகம் வந்தது. லாரிக்குப் பின்னாலும் அவர் நடந்துதான் வந்திருப்பார் என்பதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. "பரிசளிப்புக்குக்கூட நிக்கலடா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டான்" என்றான் பார்த்தா. பெயர் மட்டும் வரவில்லை.

பார்த்தா அங்கே பழைய ஆட்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறான். இதுவரை பலனில்லை. ஆகவே இதை ஊருக்கு எழுதுகிறேன். துவாக்குடியிலோ, காந்தி மார்க்கெட்டிலோ, எங்கேயாவது இதைப் படிக்கிற ஐம்பது வயதுக்காரரே: தைத்த கான்வாஸ் ஷூவோடு அன்று இருபது கிலோமீட்டரும் தரையை விடாமல் வந்தவர் நீங்கள் என்றால், முதலில் வந்தது நீங்கள்தான். ஒருவனை வெளியேற்ற எங்கள் விளையாட்டுக்கு மூன்று நடுவர் வேண்டும். ஒரு காரியம் நிலைநிற்க என் வேதத்துக்கு இரண்டு சாட்சி போதும். ஒருவன் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறான். இன்னொருவன் இதை எழுதியிருக்கிறேன்.